ஸ்கிப்பர் (படகை ஓட்டும் கேப்டன்) இல்லாமல் பாய்மரப் படகை வாடகைக்கு எடுப்பது எப்படி?

செல்ஃப் டிரைவ் கார் மாதிரிதான் பேர்போட் என்ற இந்த வாடகை முறை. படகை மட்டும் தருவார்கள். ஓட்டுவது, சமைப்பது, நங்கூரம் போடுவது எல்லாம் நம் பாடு.

1. முதல் தடவை என்றால் கிரேக்கத்தின் மேற்கே, அயோனியன் கடலில் லெஃப்கடா தீவிலிருந்து கிளம்புங்கள். மைக்கோனோஸ் தீவின் படங்களைப் பார்த்து, கிரேக்கத்தின் கிழக்கே உள்ள ஏஜியன் கடல் பக்கம் ஆசைப்படாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே மெல்டெமி என்ற வாடைக்காற்று நாள்கணக்கில் அடிக்கும். லெஃப்கடா பக்கம் கோடையில் பெரும்பாலும் காலையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். பிற்பகலில் வடமேற்கிலிருந்து காற்று எழும்பி, பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும்.

2. படகை ஓட்டுபவரிடம் ஐசிசி (பல நாடுகளில் செல்லும் படகோட்டும் சான்றிதழ்) அல்லது ஆர்ஒய்ஏ என்ற பிரிட்டிஷ் படகோட்டச் சங்கத்தின் டே ஸ்கிப்பர் போன்ற சான்றிதழ் வேண்டும். கூட வருபவர்களில் இன்னொருவருக்கும் படகு வேலை தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் இல்லையா? ஸ்கிப்பரோடு எடுங்கள், அதில் வெட்கம் எதற்கு?

3. வாடகை வாரம் பெரும்பாலும் சனி முதல் சனி வரை. சாவி வாங்கும்போது அவசரப்படாதீர்கள். நாம் கட்டிய பாதுகாப்பு முன்பணத்தில் படகுக்காரர்கள் கைவைக்காமல் இருக்க, ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுங்கள். எஞ்சினைப் போட்டு, புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். நங்கூரத்தைத் தூக்கும் மோட்டாரின் பிரேக்கர் சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை; மோட்டார் பாதியில் நின்று, சங்கிலி முழுவதையும் கையால் இழுத்தோம். அப்புறம் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச்!

4. பாய் ஏற்றுவது இரண்டு நாளில் பழகிவிடும். கரையில் கட்டுவதுதான் பரீட்சை. இங்கே படகின் பின்புறத்தைக் கரைக்குக் காட்டித்தான் கட்டுவார்கள். துறைக்குள் நுழையும் முன்பே இரண்டு பக்கமும் ஃபெண்டர்களை (இடி தாங்கும் காற்றுப் பைகள்) தொங்கவிட்டு, பின்கயிறுகளைத் தயாராக வையுங்கள். கரையிலிருந்து மூன்று, நான்கு படகு நீளம் தள்ளி நங்கூரத்தை இறக்கி, மெதுவாக ரிவர்ஸ் வாருங்கள். முன்னால் நிற்பவர் சங்கிலியைத் தாராளமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆழத்தைப்போல் நாலைந்து மடங்காவது. காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்டுங்கள். பிறகு சங்கிலியை இறுக்குங்கள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தால் நங்கூரம் பிடிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்து மறுபடி வாருங்கள். ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும். பக்கத்துப் படகின் சங்கிலிமேல் மட்டும் போட்டுவிடாதீர்கள், காலையில் அவர் கிளம்பும்போது உங்கள் நங்கூரமும் கூடவே வரும்.

5. நாளுக்கு 10 முதல் 15 கடல் மைல் போதும். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் அது இரண்டு, மூன்று மணி நேரப் பயணம். மெகானிசி தீவு, இத்தாக்கா தீவின் கியோனி, கெஃபலோனியா தீவின் ஃபிஸ்கார்டோ என்று ஒரு வட்டம் அடிக்கலாம். ஃபிஸ்கார்டோவில் சீசனில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், மதியத்துக்குள் போய்ச் சேருங்கள்.

கழிப்பறையில் காகிதம் போடாதீர்கள். அடைத்துக்கொண்டால் கழற்றுவதும் நம் வேலைதான். வெள்ளி மாலைக்குள் டீசல் நிரப்பி, கிளம்பிய துறைக்கே திரும்பிவிடுங்கள்.