பி.எல்.எல். ஃபேஸ் மாற்றும்போது கிளிட்ச் எங்கிருந்து வருகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எல்.எல். (குறிப்புக் கிளாக் ஒன்றோடு ஒத்துப்போகும்படி கிளாக் உண்டாக்கும் சர்க்யூட்) உள்ளே இருக்கும் ரிங் ஆசிலேட்டர் ஒரே கிளாக்கை எட்டு ஃபேஸாக, அதாவது ஒன்றுக்கொன்று கொஞ்சம் பிந்தி வரும் எட்டு நகல்களாகத் தருகிறது, அதில் வேண்டியதை எடுக்க ஒரு மக்ஸ் (பல இன்புட்டில் ஒன்றை மட்டும் வெளியே விடும் சுவிட்ச்) போட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். மக்ஸ் போடுவது சுலபம்தான். எந்த ஃபேஸ் என்று மக்ஸுக்குச் சொல்லும் செலக்ட் எப்போது மாறுகிறது, எந்தப் பக்கம் மாறுகிறது என்பதில்தான் வம்பே.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வி.சி.ஓ. (இங்கே அந்த ரிங் ஆசிலேட்டர்தான்) 1 கிகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 1000 பிகோசெகண்ட். எட்டு ஃபேஸ் என்றால் இடைவெளி 125. ஃபேஸ் 0 என்பது 0-இல் ஏறி 500-இல் இறங்குகிறது, ஃபேஸ் 1 என்பது 125-இல் ஏறி 625-இல் இறங்குகிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் இரண்டே: 0 முதல் 125 வரை, 500 முதல் 625 வரை. இப்போது ஃபேஸ் 0-இலிருந்து 1-க்கு மாறச் சொல்லும் செலக்ட் சரியாக 60-இல் வந்து சேர்கிறது என்று வையுங்கள். அவுட்புட் 0-இல் ஏறிவிட்டது, 60-இல் விழுகிறது, 125-இல் மறுபடி ஏறுகிறது. ஒரே சுற்றில் இரண்டு ஏற்றம், அதாவது கிளிட்ச் என்ற வேண்டாத பல்ஸ்.

இதையே திருப்பிப் போடுங்கள், ஃபேஸ் 1-இலிருந்து 0-க்கு, அதே 60-இல். கீழே இருந்த அவுட்புட் 60-இல் ஏறி 500 வரை மேலேயே நிற்கிறது. 500-க்கும் 625-க்கும் நடுவில் மாறினாலும் இறங்க வேண்டியது கொஞ்சம் முன்னாடியே இறங்கும், அவ்வளவுதான். கூடுதலாக ஒரு எட்ஜ்கூட (ஏற்றமோ இறக்கமோ) வராது. ஆகவே முதல் தவறு, வேறு வழி இருந்தும் பிந்தி வரும் ஃபேஸுக்குத் தாவுவது. க்ரானின்க்ஸும் ஸ்டெயார்ட்டும் 1996-இல் வெளியிட்ட 128/129 ப்ரீஸ்கேலர் (கிளாக்கை 128-ஆல் அல்லது 129-ஆல் வகுக்கும் சர்க்யூட்) பிந்தும் ஃபேஸுக்குத்தான் தாவியது. பின்னால் வந்த சில வடிவமைப்புகள் திசையைத் திருப்பியதே இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான். ஆனால் இது இலவசமும் இல்லை. மாறும் அந்தச் சுற்று 875 பிகோசெகண்ட் வரை சுருங்கலாம், அடுத்து நிற்கும் ஃபிளிப்-ஃபிளாப் (கிளாக் எட்ஜில் மதிப்பைப் பிடித்து வைக்கும் சர்க்யூட்) அதைத் தாங்க வேண்டும்.

சரி, பிந்தும் ஃபேஸுக்கே போயாக வேண்டும் என்றால்? செலக்டை ஒரு ஃபிளிப்-ஃபிளாப் வழியாக ரீடைம் செய்ய வேண்டும், அதாவது ஒரு குறிப்பிட்ட கிளாக் எட்ஜை ஒட்டி மட்டும் மாறவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த எட்ஜில் என்பதில்தான் சறுக்குகிறார்கள். இரண்டு ஃபேஸும் கீழே இருக்கும் 625 முதல் 1000 வரையான இடம் பாதுகாப்பானது. ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் மக்ஸுக்கும் சேர்த்து டிலே, ஃபாஸ்ட் கார்னரில் (சிப் மிக வேகமாக இயங்கும் நிலை) 100, ஸ்லோ கார்னரில் (மிக மெதுவாக இயங்கும் நிலை) 300 என்று கொள்வோம். ஃபேஸ் 0 இறங்கும்போது ரீடைம் செய்தால் செலக்ட் 600-க்கும் 800-க்கும் நடுவில் வரும். டிபிகல் கார்னரில் எல்லாம் சுத்தமாக ஓடும், ஃபாஸ்ட் கார்னரில் மட்டும் மாட்டிக்கொள்ளும். ஃபேஸ் 1 இறங்கும்போது செய்தால் 725 முதல் 925 வரை, பிரச்சினை இல்லை.

பிரச்சினை இல்லை என்பதும் 1 கிகாஹெர்ட்ஸில்தான். லாக் ஆவதற்கு முன், அதாவது பி.எல்.எல். சரியான அதிர்வெண்ணில் நிலைகொள்வதற்கு முன், வி.சி.ஓ. 2 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடிவிட்டால் சுற்று 500 ஆகிவிடும், டிலே அதேதான். ஃபேஸ் 1 இப்போது 312.5-இல் இறங்கும், செலக்ட் 412 முதல் 612 வரை எங்கேயும் விழலாம், 500 முதல் 562 வரை ஆபத்தான இடம். லாக் ஆகும்வரை ஃபேஸ் மாற்றத்தையே முடக்கி வைப்பது நல்லது.

செலக்டை பைனரியில் அனுப்புவது இன்னொரு வழக்கமான தவறு. 3-இலிருந்து 4-க்குப் போகும்போது மூன்று பிட்டும் மாறும், மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேராது, நடுவில் சம்பந்தமே இல்லாத ஃபேஸ் எட்டிப் பார்க்கும். ஒரு படிக்கு ஒரே ஒரு பிட் மட்டும் மாறும் கிரே கோடு போடுங்கள். அப்புறம் 180 டிகிரி ஒரே தாவலாகத் தாவாதீர்கள், அந்த இரண்டு ஃபேஸும் எப்போதுமே எதிரெதிர் மட்டத்தில்தான் இருக்கும், பாதுகாப்பான இடமே கிடையாது.

எஃப்.பி.ஜி.ஏ. (உள் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) ஆட்களுக்கு மக்ஸ் கவலை இல்லை, ஆனால் அவசரம் இருக்கிறது. ஸைலிங்க்ஸ் 7 சீரிஸ் சிப்பில் கிளாக் உண்டாக்கும் எம்.எம்.சி.எம்.-இல் ஃபேஸ் நகரும் ஒரு படி என்பது வி.சி.ஓ. சுற்றில் 56-இல் ஒரு பங்கு. நகரச் சொல்லும் பி.எஸ்.இ.என். சிக்னலை அதற்கான பி.எஸ்.கிளாக்கின் ஒரே ஒரு சுற்றுக்கு மட்டும் உயர்த்தி, முடிந்தது என்று சொல்லும் பி.எஸ்.டன் வரும்வரை காத்திருந்துதான் அடுத்த படியைக் கேட்க வேண்டும். காத்திருக்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் எத்தனை படி நகர்ந்தது என்ற கணக்கே தப்பிவிடும்.

லாக் சிக்னலை நம்புவதும் தவறுதான். கிளாக்கை வகுத்துத் திருப்பி அனுப்பும் ஃபீட்பேக் டிவைடர் ஒரு கிளிட்ச்சை எண்ணிவிட்டால், அதைக் குறிப்புக் கிளாக்கோடு ஒப்பிடும் ஃபேஸ் டிடெக்டரில் தெரிவது ஒரு வி.சி.ஓ. சுற்று, அதாவது 1 நானோசெகண்ட் பிசகு. லாக் டிடெக்டரின் அளவு அதைவிடத் தாராளமாக இருந்தால் அது அசையாது, லூப் மெதுவாகச் சரிசெய்துகொள்ளும், உங்களுக்குத் தெரிவது எப்போதாவது வரும் ஜிட்டர், அதாவது எட்ஜ் நேரத்தில் ஒரு தடுமாற்றம் மட்டும்.

சிமுலேஷனும் காட்டிக்கொடுக்காமல் போகலாம். டிலே இல்லாத ஆர்.டி.எல்.-இல் (கேட்டுகளாக மாற்றுவதற்கு முந்தைய வடிவமைப்புக் கோடு) இது வெளியே வராது. கேட் லெவலில் கேட்டின் டிலேயைவிடக் குறுகிய பல்ஸை சிமுலேட்டரே விழுங்கிவிடும். ஆசிலோஸ்கோப்? 500 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் ரைஸ் டைமே சுமார் 700 பிகோசெகண்ட், 60 பிகோசெகண்ட் பல்ஸ் அதில் எங்கே தெரியப்போகிறது! பல்ஸைத் தேடுவதை விட்டுவிட்டு எண்ணுங்கள்: மக்ஸ் அவுட்புட்டில் ஒரு கவுண்டர், மாறாத ஒரு ஃபேஸில் இன்னொரு கவுண்டர். முந்தும் பக்கமாக எட்டு முறை மாறி ஒரு முழு வட்டம் வந்தால் முதல் கவுண்டர் சரியாக ஒன்று கூடியிருக்க வேண்டும், பிந்தும் பக்கமாக வந்தால் ஒன்று குறைந்திருக்க வேண்டும். லட்சம் வட்டம் ஓடவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள்.