4கே மானிட்டரில் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால்

27 அங்குல 4கே மானிட்டரை மாட்டியதும் போட்டோ எடிட்டரில் ஸ்லைடர் திக்கித் திக்கித்தான் நகர்ந்தது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 30 ஹெர்ட்ஸ். காரணம், கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐ 1.4 போர்ட்: 4கே-யின் 3840×2160 பிக்சல் படத்தை அது 30 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்பாது. கேபிளை மட்டும் மாற்றிப் பயனில்லை. கிராஃபிக்ஸ் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் இணைத்து 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது. சில மானிட்டர்களின் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.1 என்று இருக்கும்; அதையும் 1.2 ஆக்க வேண்டும்.

எழுத்து பொடியாகத் தெரிகிறதே என்று ரெசொல்யூஷனைக் குறைக்கவே கூடாது. எழுத்தையும் ஐகான்களையும் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 150% ஆக்கினால் போதும்.

போட்டோவின் விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கில்தான் கூடுதல் கவனம் தேவை. அங்குலத்துக்கு 163 பிக்சல் இருப்பதால், 100% பார்வையில் நாய்ஸும் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) லேசான மங்கலும் கண்ணுக்குத் தப்பிவிடும். 200%-இல் பார்த்த பிறகே முடிவெடுங்கள். பிரைட்னஸை 100–120 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தின் அலகு) இறக்கி, அதன்பின் கேலிப்ரேட் செய்யுங்கள், அதாவது நிறங்கள் சரியாகத் தெரியும்படி திரையை அமையுங்கள். திரை அதிக வெளிச்சமாக இருந்தால் பிரிண்ட் இருண்டு வரும்.