வீடற்றோருக்கான கிறிஸ்தவ அறப்பணியில் சேர்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிறிஸ்துமஸ் வாரத்தில் சமையல்கூடத்தில் நிற்க இடமிருக்காது, அவ்வளவு பேர் உதவிக்கு வருவார்கள். பண்டிகை முடிந்து சில வாரங்கள் கழித்துப் பாத்திரம் கழுவக்கூட ஆள் கிடைக்காது. அதனால் எங்கே சேரலாம் என்று தேடுவதற்கு முன்பே, எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் வர முடியும் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று ஆறு மாதம் தவறாமல் வருகிறவரை நம்பித்தான் பொறுப்பாளர் அட்டவணை போட முடியும். தினமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டாம் வாரமே நின்றுவிடுபவரால் வேலை கெடுவதோடு, அவரோடு பேசிப் பழகியவர்களின் மனமும் நோகும். பலரும் கைவிட்டுப் போன பிறகு அங்கே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்.

அமைப்புகள் ஒரே மாதிரி இயங்குவதில்லை. 1865இல் லண்டனில் வில்லியம் பூத், கேத்தரின் பூத் தம்பதியர் தொடங்கிய இரட்சணிய சேனை பல நாடுகளில் தங்கும் விடுதிகளை நடத்துகிறது. 1833இல் பாரீஸில் மாணவர்கள் சிலர் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையில், இருவர் இருவராக வீடு தேடிச் செல்வது ஆரம்பம் முதலே உள்ள வழக்கம். சின்னச் சபைகள் வாரம் ஒருநாள் உணவு கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. சேர்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்க்கிறார்களா, பயிற்சி தருகிறார்களா, அவசரம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும். மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் சேர அவசரப்பட வேண்டாம்.

பரிமாறும் இடம்

புதியவர்களை முதலில் நிறுத்துவது பெரும்பாலும் இங்கேதான். பிழைகள் நடப்பதும் இங்கேதான்.

முதலில் அளவு. 30 லிட்டர் சூப் இருக்கிறது, கரண்டி 250 மில்லி பிடிக்கும் என்றால் 120 பேருக்கு வரும். அடிப்பிடித்தது, சிந்தியது, தாமதமாக வருபவர்கள் என்று பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு 108 பேருக்கு என்று கணக்கு வையுங்கள். கரண்டியை விளிம்பு வரை மொண்டு, எல்லோருக்கும் ஒரே அளவாக ஊற்றுங்கள். முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு முதல் இருபது பேருக்குக் கூடுதலாக ஊற்றினால், வரிசையின் கடைசியில் நிற்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். சண்டை தொடங்குவது அந்த இடத்தில்தான். அதற்குக் காரணம் கரண்டி பிடித்தவர், கோபப்பட்டவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாம் முறை உண்டா என்பதை, எல்லோரும் ஒருமுறை வாங்கிய பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே ஒருவர் அறிவிக்கட்டும்.

அடுத்தது சூடு. 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் 60 டிகிரிக்குக் கீழ் உணவு நிற்கும்போது கிருமிகள் வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தோடு அப்படியே ஆறவிட்டால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கூட்டுச் சமையலில் வயிற்றுப்போக்கு வர இது முக்கியக் காரணம். மிச்சத்தை எடுத்துவைப்பதானால், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பரப்பி ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுபடி சூடாக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். தெருவில் படுப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கழிப்பறையும் கிடையாது, மாற்றுத் துணியும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

பற்கள் பாழானவர்கள் பலர் வருவார்கள் என்பதால் மென்மையான உணவு ஒன்றாவது இருக்கட்டும். என்னென்ன பொருள்கள் சேர்த்திருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால் ஒவ்வாமை உள்ளவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. இரத்தத்தில் தாதுக்களின் அளவு திடீரென்று சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு உடனே செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள்.

ஜெபமும் உணவும்

சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது அமைப்பின் வழக்கமானால் ஒரு நிமிடத்தில் முடியட்டும். சேர விரும்பாதவரைத் தனியே நிறுத்தவோ, பிரசங்கம் கேட்டால்தான் சாப்பாடு என்று சொல்லவோ கூடாது. பேரிடர் உதவிக்காக 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் வகுத்த நடத்தை விதிகளில் மூன்றாவது, உதவியைக் கொண்டு மதக் கொள்கையையோ அரசியல் கொள்கையையோ வளர்க்கக் கூடாது என்கிறது. அதை முன்மொழிந்தவர்களில் கத்தோலிக்கத் திருச்சபையின் தொண்டு அமைப்பான காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. சாப்பாட்டுக்கு நிபந்தனையாக வைத்த ஜெபத்தில் பசிதான் தலையாட்டுகிறது, மனம் அல்ல.

யாராவது தாமாகவே ஜெபிக்கச் சொன்னால், எதற்காக என்று கேட்டு, அதை மட்டும் சொல்லிச் சுருக்கமாக ஜெபியுங்கள். கேட்காமல் தலையிலோ தோளிலோ கை வைக்க வேண்டாம். அடி வாங்கி வளர்ந்தவர்களுக்குத் தொடுதலே அச்சம் தரும். நோய் குணமாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. வலிப்புக்கோ மனநோய்க்கோ மருந்து எடுப்பவர் அதை நம்பி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

துணிகள்

நன்கொடையாக வரும் மூட்டைகளில் சட்டைகள் குவிந்து கிடக்கும். தேவைப்படுவதோ காலுறையும் உள்ளாடையும். இரண்டுமே புதியதாக இருக்க வேண்டும். ஈரக் காலுறையோடு நாள்கணக்கில் நடந்தால் பாதத் தோல் ஊறி வெளுத்துப் புண்ணாகும். கிழிந்ததையும் கறை படிந்ததையும் வாசலிலேயே பிரித்து எடுத்துவிடுங்கள், சட்டைப்பை, கால்சட்டைப்பைகளைச் சோதியுங்கள். மிச்சத்தை அளவு வாரியாகத் தொங்கவிட்டு, அவரவரே பார்த்து எடுத்துக்கொள்ள விடுங்கள். அன்று முழுக்க அவர் தாமே முடிவு செய்யும் ஒரே விஷயமாகக்கூட அது இருக்கலாம்.

சொறி சிரங்கு இருப்பவரின் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். துவைக்க முடியாதவற்றைப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டிக் குறைந்தது மூன்று நாள் வையுங்கள். மனிதத் தோலை விட்டுப் பிரிந்த சிரங்குப் பூச்சி பொதுவாக அதற்கு மேல் தாங்காது.

பேச்சும் எல்லைகளும்

பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள். “ஏன் இந்த நிலைக்கு வந்தீர்கள்?” என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் பதில் சொல்லி அலுத்துப்போயிருப்பார். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாமல், கால் பக்கம் சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுங்கள். யாருடைய மூட்டையையும் குப்பை என்று நினைத்து நகர்த்தாதீர்கள், அதில் அவருடைய அடையாள அட்டையும் மருந்தும் இருக்கலாம்.

பணம், சொந்தத் தொலைபேசி எண், வீட்டு முகவரி மூன்றையும் கொடுக்கக் கூடாது. ஒருவருக்குக் கொடுத்தது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அனுமதியில்லாமல் படம் எடுக்க வேண்டாம். வெளியிலிருந்து ஒருவர் வந்து, “என் மனைவி இங்கே இருக்கிறாளா?” என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், இருக்கிறார் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் பொறுப்பாளரிடம் அனுப்புங்கள். அடிக்குத் தப்பி ஓடிவந்த பெண்ணாக இருக்கலாம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். தற்கொலை எண்ணத்தையோ ஒரு குழந்தைக்கு நடக்கும் கொடுமையையோ அவர் அடுத்ததாகச் சொன்னால், அதைப் பொறுப்பாளரிடம் தெரிவித்தே ஆக வேண்டும்.

உடல்நிலை மோசமானால்

கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு மெதுவாக விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் அபின் வகைப் போதை மருந்து அளவு மீறியிருக்கலாம். ஆம்புலன்ஸை அழையுங்கள், பயிற்சி பெற்றவர் இருந்தால், அந்தப் போதையை முறிக்கும் மருந்தான நலாக்சோனைக் கொடுக்கட்டும். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்கள். மூச்சே நின்றிருந்தால் அழைப்பில் இருப்பவர் சொல்கிறபடி உயிர்காக்கும் முதலுதவியைத் தொடங்குங்கள்.

நெடுநாள் குடித்தவரிடம் “இன்றோடு விட்டுவிடுங்கள்” என்று சொல்வது நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு. திடீரென்று நிறுத்திய இரண்டு நாளுக்குள் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்த உதவி கேட்போம் என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பத்து நிமிடம் எல்லோரும் உட்கார்ந்து, நடந்ததைப் பேசிவிட்டுக் கிளம்புங்கள். தொடர்ந்து வர முடியாத நிலை வந்தால் ஒரு மாதம் முன்பே பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, கடைசி நாளை உங்களோடு பழகியவர்களுக்கும் நேரில் தெரியப்படுத்துங்கள்.