பெரியப்பாவின் பரண் மூட்டைகள்

ஏழு நாவல் எழுதியவர் பெரியப்பா. அவர் போனபின் பரணிலிருந்து நான்கு சாக்கு மூட்டைகளை இறக்கினோம். நூலகத்துக்குக் கொடுப்பது என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம், கடிதங்களைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்கியது. பெரிய தப்பு. ஒவ்வொரு நாவலுக்கும் வந்த கடிதங்களை அந்தந்தக் கைப்பிரதியோடு சேர்த்து அவரே கட்டி வைத்திருந்தார். எது எதோடு இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நாலாவது மூட்டையை மட்டும் பிரிக்காமல் அப்படியே கொடுத்தேன்.

ஆகவே, கட்டை அவிழ்க்குமுன் செல்போனில் படம் எடுங்கள். கட்டுக்கு ஓர் எண் கொடுத்து, தனித்தாளில் பென்சிலால் எழுதி மேலே வையுங்கள். பேனா கிட்டவே வரக்கூடாது.

எதைத் தூக்கிப் போடலாம்? எதையும் வேண்டாம். பழைய கரண்ட் பில் ஒன்றைக் கசக்கிவிட்டு, ஏதோ தோன்றித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் பதினோரு பெயர்கள், ஒன்பது அடிக்கப்பட்டிருந்தன. மிஞ்சிய இரண்டும் அவருடைய கடைசி நாவலின் அக்கா, தங்கை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் எல்லாம் சேர்த்தவர். அந்தச் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவானதுதான் சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகம்.

துருப்பிடித்த குண்டூசியை வெடுக்கென்று இழுத்தால் தாளும் வரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே கெட்டி அட்டைத் துண்டைச் செருகி மெல்ல நகர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட ரப்பர் பேண்டை நூலகத்தார் பார்த்துக்கொள்வார்கள். செலோ டேப், லாமினேஷன், வெயிலில் உலர்த்துவது மூன்றும் கூடாது. ராமபாணப் பூச்சி தெரிந்தால் அந்தக் கட்டைத் தனிப் பெட்டியில் வையுங்கள், மருந்து அடிக்காதீர்கள்.

அப்புறம், வீட்டில் சண்டை வரும் இடம். தாள்களைக் கொடுப்பது வேறு, பதிப்புரிமை வேறு. எழுத்தாளர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு அந்த உரிமை இருக்கும். அது யாரிடம், எந்தக் கடிதம் எத்தனை வருஷம் மூடியிருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் காகிதங்களை 2014இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள ஹாரி ரான்சம் மையம் என்ற ஆவணக் காப்பகம் வாங்கியது. அவர் அழித்துவிடச் சொன்ன ஒரு நாவலின் பிரதிகளும் அதில் இருந்தன. மகன்கள் அதை 2024இல் புத்தகமாகவே வெளியிட்டார்கள். சரியா தப்பா என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை. பெரியப்பாவின் டைரிகளை இருபது வருஷத்துக்கு மூடி வைக்க மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஒப்படைக்கிற அன்று கட்டு எண்களோடு பட்டியல் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வீட்டில் வையுங்கள். பரணில் வேண்டாம்.