கஞ்சி இறங்காத காலை

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் எங்கள் வீடு. காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குத் திடீரென்று புரையேறியது. அடுத்த வாய் இறங்கவே இல்லை. எச்சில்கூடக் கடைவாயில் வழிந்தது. "மீன்முள்ளா இருக்கும், சோத்து உருண்டையை முழுங்கச் சொல்லுங்க" என்றார் பக்கத்து வீட்டு மதினி. வெறும் கஞ்சியில் ஏது முள்? சிரிக்கச் சொன்னேன், வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சும் குழறியது. பக்கவாதம் என்று பட்டது. தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை, நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழைத்தேன்.

ராமநாதபுரத்தில் மருத்துவர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சு?" ஏழேகால் என்றேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்ததும் போட்டார்கள்.

பத்து நாள் மூக்குக்குழாய் வழியாகத்தான் ஆகாரம். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைத் தாழ்த்தி, கெட்டிக்கூழ் விழுங்குகிறாள். தண்ணீர் இன்னும் கொடுக்கவில்லை.