ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்க: விண்ணப்பம் முதல் இந்தியப் பதிவு வரை

நீட் தேர்வில் தகுதி பெற்றும் உள்ளூரில் அரசு இடம் கிடைக்காத, தனியார் கல்லூரிக் கட்டணமும் கட்டுப்படியாகாத மாணவர்கள் பலர் இப்போது ஜார்ஜியா நாட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். அங்கே மருத்துவப் படிப்பு ஆறு ஆண்டுகள் நடக்கிறது. ஆங்கில வழியிலும் படிக்கலாம். படித்து முடிப்பவருக்கு எம்.டி. என்ற பட்டம் கிடைக்கும்; இது நம் ஊர் மேற்படிப்பு எம்.டி. அல்ல, எம்.பி.பி.எஸ். போன்ற முதல் மருத்துவப் பட்டம். முகவர்கள் இதைச் சேர்க்கையிலிருந்து தொடங்கிச் சொல்வார்கள். நான் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். ஆறு ஆண்டு கழித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய என்னென்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: இந்திய விதியை முதலில் படியுங்கள்

தேசிய மருத்துவ ஆணையம், அதாவது என்.எம்.சி., 2021 நவம்பரில் வெளியிட்ட வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான விதிமுறைகள்தான் இன்று அடிப்படை. அதன்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதே வெளிநாட்டுக் கல்லூரியில் மேலும் 12 மாதம் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஓராண்டு ஒரு நாட்டிலும் மறு ஆண்டு வேறொரு நாட்டிலுமாகப் படிப்பதற்கு விதியில் இடமில்லை. இவற்றோடு, படித்த நாட்டிலேயே அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக மருத்துவத் தொழில் செய்யும் உரிமம் பெறத் தகுதி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

பலர் கவனிக்காமல் விடுவது இந்தக் கடைசி நிபந்தனையைத்தான். ஜார்ஜியாவில் எம்.டி. முடித்தவர் தனித்து மருத்துவம் பார்க்க வேண்டுமானால், அதன் பிறகு ரெசிடென்சி என்னும் பட்டமேற்பயிற்சியை முடித்து அரசுத் தேர்வும் எழுத வேண்டும். ஆகவே, "உங்கள் பட்டத்துடன் கிடைக்கும் உரிமம் என்ன, 12 மாதப் பயிற்சி ஆறு ஆண்டுக்குள் அடங்குகிறதா, அதற்குப் பிறகா, எந்த மருத்துவமனையில்?" என்ற கேள்விகளைக் கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொல்லப்படும் உறுதிமொழி ஆறு ஆண்டு கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

நீட் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் தமிழ்நாட்டில் நீண்ட காலமாக நடக்கிறது. அது தனிக் கதை. வெளிநாடு செல்பவருக்கும் நீட் தகுதி கட்டாயம் என்பதே இன்றைய நிலை. அந்த மதிப்பெண் வெளிநாட்டுச் சேர்க்கைக்கு மூன்று ஆண்டுகள் செல்லும்.

படி 2: கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

"என்.எம்.சி. அங்கீகாரம் பெற்ற கல்லூரி" என்று விளம்பரத்தில் கண்டால் அங்கேயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு என்.எம்.சி. அங்கீகாரம் வழங்குவதில்லை, மேற்சொன்ன விதிகளை நிறைவு செய்தோமா என்பதை ஒவ்வொரு மாணவரும்தான் காட்ட வேண்டும். உலக மருத்துவக் கல்லூரிகள் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது தொடக்கம் மட்டுமே.

அதைவிடப் பயனுள்ளது, இந்தியா திரும்பியவர்கள் இங்கே பதிவு பெற எழுதும் எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வில் அந்தக் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு. தேர்வை நடத்தும் தேசிய தேர்வு வாரியம் கல்லூரி வாரியாக இதை வெளியிட்டிருக்கிறது. பொதுவாகப் பல முறை மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தேறுவதில்லை என்பதால், இந்தக் கணக்கைப் பார்க்காமல் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது வீண்வேலை. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, மூன்றாம் ஆண்டு முதல் ஒரு குழுவில் எத்தனை மாணவர்கள் நோயாளியைச் சுற்றி நிற்கிறார்கள் என்பதை அங்கே படிக்கும் சீனியர்களிடம் கேளுங்கள். முகவர் அறிமுகப்படுத்தும் சீனியரிடம் மட்டும் கேட்டால் போதாது.

படி 3: ஆவணங்கள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், நீட் மதிப்பெண் அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், மருத்துவச் சான்று ஆகியவை அடிப்படை. பள்ளிச் சான்றிதழ்களுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பமும் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) பெற வேண்டும்.

இங்கே நம் மாணவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அதுதான் இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் "எஸ். கார்த்திக்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் "செல்வம்" என்று தந்தையின் பெயரும், இயற்பெயர்க் கட்டத்தில் "கார்த்திக்" என்றும் இருக்கும். நீட் விண்ணப்பத்தில் "கார்த்திக் எஸ்" என்று பதிந்திருப்பார்கள். அயல்நாட்டு அலுவலருக்கு இவர்கள் மூவர். அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பட்டம் அச்சிடுவார். இந்தியாவில் கவுன்சில் அதை மதிப்பெண் சான்றிதழோடு ஒப்பிடும். எனவே, மூன்றும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சேருவதற்கு முன்பே பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

படி 4: விண்ணப்பமும் விசாவும்

கல்லூரிக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். ஆவணங்களைப் பார்த்த பிறகு, ஆங்கிலத் திறனை அறியக் காணொளியில் ஒரு நேர்காணல் நடத்துவார்கள். பிறகு சான்றிதழ்கள் ஜார்ஜிய மொழியில் பெயர்க்கப்பட்டு, அந்நாட்டின் கல்வித் தர மேம்பாட்டு மையத்தின் ஏற்பைப் பெற்ற பின், கல்வி அமைச்சகத்தின் சேர்க்கை உத்தரவு வரும். முழுக் கட்டணத்தையும் கட்டுவதற்கு முன் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். கல்லூரியின் வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்புங்கள். முகவரின் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். படிப்புக்கான விசா டி3 வகையைச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்ததும், விசாக் காலம் முடியும்வரை காத்திராமல், தற்காலிக வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கல்விக் கடன் ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். கட்டணம் டாலரில் என்பதால், ஆறாம் ஆண்டுக் கட்டணத்தை இன்றைய ரூபாய் மதிப்பில் கணக்கிடாதீர்கள்.

படி 5: அங்கே படிக்கும்போது

பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி ஜார்ஜிய மொழியில்தான் பேசுவார். 33 எழுத்துகள் கொண்ட அதன் எழுத்துமுறையை முதல் ஆண்டிலேயே கற்றுவிட்டால், மூன்றாம் ஆண்டு வார்டில் "ஸாத் க்ட்கிவாத்?", அதாவது "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டு, வரும் பதிலையும் புரிந்துகொள்ள முடியும். மொழி தெரியாதவர் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வருவார்; அவருடைய பதிவேட்டில் வருகை மட்டும் இருக்கும்.

டெங்கு, பாம்புக்கடி போன்றவற்றை அங்கே காண்பது அரிது. ஆனால் எஃப்.எம்.ஜி.இ. இந்தியப் பாடத்திட்டத்தைத் தழுவியது. அதன் 300 கேள்விகளில் 30 சமூக மருத்துவத்திலிருந்து வரும். நம் நாட்டுத் தேசியச் சுகாதாரத் திட்டங்களை அங்கே யாரும் கற்பிக்க மாட்டார்கள். ஆகவே மூன்றாம் ஆண்டிலிருந்தே இந்தியப் பாடநூல்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தேற 150 மதிப்பெண் தேவை; தவறான விடைக்குக் கழிவு இல்லை.

வாடகை வீட்டில் கேஸ் ஹீட்டர் இருந்தால், குளிர்காலத்துக்கு முன், மணமில்லாத நச்சு வாயு கசிந்தால் எச்சரிக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

18 வயதுக்கு முன் எடுத்த பாஸ்போர்ட் பெரும்பாலும் படிப்பின் நடுவிலேயே காலாவதியாகும். புதியது வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போடக் கூடாது. நீங்கள் நேரில் தங்கித்தான் படித்தீர்கள் என்பதற்கு அதிலுள்ள குடியேற்ற முத்திரைகளே சான்று.

படி 6: திரும்பும்போது

பட்டம், மதிப்பெண் பட்டியல், பயிற்சிச் சான்று ஆகியவற்றுக்கு அப்போஸ்டில் பெற்ற பிறகே விமானம் ஏறுங்கள். ஊருக்கு வந்துவிட்டு அஞ்சலில் வாங்க முயன்றால் மாதங்கள் ஓடும். ஆண்டுக்கு இரு முறை நடக்கும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் தேறியதும், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அதன்பின் இந்திய மருத்துவமனையில் ஓராண்டு கட்டாயப் பயிற்சி. இதற்கான இடங்களுக்கு வரம்பு இருப்பதால் காத்திருக்க நேரலாம். அந்த மாதங்களின் செலவையும் தொடக்கக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்த பின்பே நிரந்தரப் பதிவு.