கஞ்சமலையில் தேறியது, கடலூரில் கத்தியது: கடற்கரைக்கு மெட்டல் டிடெக்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக்காரன் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினால் எங்கே சோதித்துப் பார்ப்பான்? கொல்லையில்தான். நானும் கஞ்சமலைப் பக்கம் இருக்கும் மாமா தோட்டத்தில் ஒரு பழைய செப்புக் காசைப் புதைத்துவிட்டு, அதன் மேலே கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை, அதாவது காயிலை, ஆட்டிப் பார்த்தேன். முதலில் கருவி ஓயாமல் கத்தியது. மண்ணின் ஒலியை ஒதுக்கும் கிரவுண்ட் பேலன்ஸைத் திருகித் திருகிச் சரிசெய்ததும் அடங்கி, காசின் ஒலி மட்டும் தனியாகக் கேட்டது. இந்த மண்ணிலேயே தேறிவிட்டது, கடற்கரை மணல் எம்மாத்திரம் என்று அடுத்த ஞாயிறே ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போய்ச் சேர்ந்தேன். உலர்ந்த மணலில் ஒரு குறையும் இல்லை. அலை நனைத்த மணலுக்கு இறங்கியதுதான் தாமதம், அடியில் ஒன்றுமே இல்லாத இடத்திலும் விடாமல் கத்தல். அதை அடக்க சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறைத்தேன். அப்புறம் நானே போட்ட மோதிரம்கூட அதன் காதில் விழவில்லை.

ஊர் மண்ணில் சோதித்ததை வைத்துக் கடலுக்குக் கருவி தேர்ந்தெடுத்ததுதான் தப்பு. கஞ்சமலைப் பாறையில் இருப்பது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான். அது காந்தத்துக்கு மசியும். உப்புத் தண்ணீருக்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதன் வழியே மின்சாரம் பாயும். கருவியின் காதுக்கு நனைந்த உப்பு மணல் ஒரு மெல்லிய அலுமினியத் தாளைப் போலக் கேட்கிறது. ஒரே ஃப்ரீக்வென்ஸியில், அதாவது ஒரே அதிர்வெண்ணில், ஓடும் கருவி கிரவுண்ட் பேலன்ஸ் மூலம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சரியாக ஒதுக்க முடியும். இரும்பை ஒதுக்கினால் உப்பு கத்தும், உப்பை ஒதுக்கினால் இரும்பு கத்தும். நம் கிழக்குக் கடற்கரையில் பல இடங்களில் கருமணலும் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன. மலை மணலை ஆறுகள்தான் கடலுக்குக் கொண்டுவருகின்றன: ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில்தான் கடல் சேர்கிறது.

ஒரே நேரத்தில் பல ஃப்ரீக்வென்ஸிகளை அனுப்பி, திரும்பி வருவதை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிகள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கின்றன. மைன்லேப் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த எக்வினாக்ஸ், அதே குடும்பத்தில் விலை குறைந்த வான்குவிஷ், துருக்கியின் நோக்டா நிறுவனத்துடைய லெஜண்ட் எல்லாம் இந்த வகை. கடலுக்கென்று வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பெட்டியில் "வாட்டர்புரூஃப்" என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தண்ணீர் புகாது என்பது வேறு, உப்பில் கத்தாது என்பது வேறு. கேரட் (Garrett) நிறுவனத்தின் ஏடி புரோ 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீருக்குள் போகும், ஆனால் அது 15 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே ஃப்ரீக்வென்ஸி. நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ஸும் அப்படித்தான், 12 கிலோஹெர்ட்ஸ். வான்குவிஷில் கதை தலைகீழ்: உப்பைச் சமாளிக்கும், ஆனால் காயில் மட்டுமே நனையலாம். மேலே இருக்கும் பெட்டிக்குள் ஓர் அலைத் தண்ணீர் புகுந்தால் போச்சு.

பல்ஸ் இன்டக்ஷன் வகையை வாங்கச் சொல்லும் நண்பர்கள் உண்டு. அது அலையை அனுப்பி நிறுத்திவிட்டு, உப்பும் கருமணலும் அடங்கக் கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பிறகு வருவதை மட்டும் கேட்கும். ஆழமும் நன்றாகப் போகும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு இரும்பு எது, தங்கம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. படகு ஆணி, தூண்டில் முள், சோடா மூடி என்று நிறைந்து கிடக்கும் நம் கடற்கரையில் முதல் கருவியாக இதை வாங்கினால் அரைநாளில் முதுகு ஒடிந்துவிடும்.

அடுத்த தவறு, அடியில் இருப்பது என்ன உலோகம் என்று ஊகிக்கத் திரையில் காட்டும் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கருவியோடு வரும் எண் பட்டியல் பெரும்பாலும் மேல்நாட்டு 10, 14 காரட் மோதிரங்களையும் அமெரிக்கக் காசுகளையும் வைத்துப் போட்டது. நம் ஊர் 916 நகையில் தங்கம் அதிகம், மின்சாரமும் அதில் கூடுதலாகப் பாயும். அதனால் அதே அளவு மோதிரம் பட்டியலில் போட்டதைவிட மேலே காட்டும். செயின் இன்னொரு தொல்லை. நாலு பவுன் சங்கிலியாக இருந்தாலும் ஒவ்வொரு வளையமும் தனித்தனிச் சின்ன வளையமாகத்தான் கருவிக்குப் படுகிறது. கொலுசும் அப்படியே. செவ்வாய்பேட்டையில் வாங்கிய அம்மாவின் கனமான வெள்ளிக் கொலுசைப் புதைத்துப் பார்த்தேன். எடைக்குத் தகுந்த ஒலி வரவேயில்லை, கொக்கிதான் சத்தமாகக் கேட்டது. மெட்டியைப் பாருங்கள், விரலுக்குத் தகுந்தபடி அழுத்திப் போட வசதியாக வளையம் ஓரிடத்தில் திறந்தே இருக்கும். முழு வளையத்தில் மின்சாரம் சுற்றி வரும், திறந்த வளையத்தில் சுற்ற முடியாது. அதனால் வெள்ளி மெட்டிகூடத் தகரத் துண்டு மாதிரி மெலிசாகத்தான் சொல்லும்.

காசிலும் வேடிக்கை உண்டு. 1992 முதல் வந்த ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. இரும்பை ஒதுக்கும் அமைப்பைப் போட்டுவிட்டு நடந்தால் அது வாய்திறக்காமலும் போகலாம், ஒரு பக்கம் இரும்பு மறுபக்கம் நல்ல உலோகம் என்று குழப்பவும் செய்யலாம். இத்தகைய காசுக்கான வில்லைகளை வெட்டித் தந்த இடங்களில் நம் சேலம் உருக்காலையும் ஒன்று. நம்மூர் உருக்கே நம்மை ஏய்க்கிறது! சரி, ஒரு ரூபாய் போனால் போகட்டும். பெரிய நட்டம், பான் மசாலா பாக்கெட்டுத் தாளின் ஒலி எரிச்சலூட்டுகிறதென்று அந்த எண்களை முழுக்க ஒதுக்கிவிடுவது. சின்னத் தங்க மோதிரம், மூக்குத்தி, தோடு எல்லாம் ஒலிப்பது அந்த எண்களில்தான். ஆகவே ஒதுக்கும் வசதி எத்தனை விதமாக இருக்கிறது என்று பார்த்துக் கருவி வாங்காதீர்கள். ஒலியின் தரம் காதில் தெளிவாகப் பிரிகிறதா என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஆழ விளம்பரங்களுக்கு ஒரே பதில்தான்: ஒரு காசை ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழத்தில் பிடித்தாலே அது நல்ல கருவி. இரண்டு ஆன்டெனாக் கம்பிகளை நீட்டிக்கொண்டு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தங்கத்தைக் காட்டும் என்று விற்கப்படுவது ஏமாற்று வேலை. அரிசியை இழுக்கும் அபூர்வச் செம்பு என்று சொல்லி ஏமாற்றும் ரைஸ் புல்லிங் கும்பலுக்கு அண்ணன் தம்பி.

மேல்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கடல் வற்றும் நேரத்தில் அரை கிலோமீட்டர் மணல் வெளியே தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கடலூர்ப் பக்கம் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். நமக்குக் கிடைப்பது ஒடுக்கமான ஈரப் பட்டைதான். வடகிழக்குப் பருவமழை அலைகள் கரையை அரித்த பிறகு அந்தப் பட்டையில் தேட இன்னும் நன்றாக இருக்கும். ஆகையால் 60 மீட்டர் ஆழம் முங்கும் கருவிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. மிச்சப்படும் பணத்தில் ஓட்டை போட்ட எஃகு அள்ளுவான் ஒன்றும், குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் கைக் கருவியான பின்பாயின்டர் ஒன்றும் வாங்கலாம். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை முட்டையிடும் கரைகளில் தோண்டவே கூடாது.

பூம்புகார், மாமல்லபுரம் போன்ற இடங்களில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குப் பக்கத்தில் கருவியை எடுக்கவே வேண்டாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். நேற்று யாரோ தொலைத்த மோதிரம் என்றால் போலீஸ் நிலையம்.

என் முதல் கருவியை நான் விற்கவில்லை. மாமா தோட்டத்திலேயே இருக்கிறது. டிராக்டரில் இருந்து கழன்று விழும் பின்னையும் நட்டையும் அதை வைத்துத்தான் தேடுகிறார்கள்.